ஒரே குண்டு, ஒரே வாய்ப்பு... தோளில் விழும் உதை! அமெரிக்காவில் இன்னும் 'மஸில்லோடர்' வேட்டை நடப்பது எப்படி?

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் ஒரு வினோதமான வேட்டைப் பருவம் தொடங்கும். இதில் நவீன ரைஃபிளுக்கு அனுமதி இல்லை. சக்கிமுக்கிக் கல் உரசி, பொறி பறந்து, மருந்து பற்றி, அதற்கப்புறம் குண்டு கிளம்பும் பழங்காலத் துப்பாக்கி மட்டும்தான். 1974-இல் தொடங்கிய வழக்கம் இது.

செல்போனில் வானிலை பார்த்துவிட்டு, கையில் 18-ஆம் நூற்றாண்டுத் தொழில்நுட்பத்தோடு காட்டுக்குள் போகிறார்கள். ஏன் இந்த வம்பு? அந்தத் துப்பாக்கி தோளில் விடும் உதையை எப்படிச் சமாளிக்கிறார்கள்? பார்ப்போம்.

மஸில்லோடர் என்றால் என்ன?

மஸில் என்றால் துப்பாக்கிக் குழலின் வாய். அந்த வாய் வழியாகவே மருந்தையும் குண்டையும் போட்டு, நீளமான கம்பியால் உள்ளே தள்ளிக் கெட்டிக்க வேண்டும். நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கியும் இதே குடும்பம்தான்.

மருந்து என்பது கருமருந்து. வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்பது பழைய கணக்கு. ஒரு முறை சுட்டால் மறுபடி நிரப்ப அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் மான் அடுத்த மலையில் இருக்கும். அதனால் முதல் குண்டுதான் எல்லாமே.

இந்தக் கஷ்டம்தான் இதன் கவர்ச்சியும். மஸில்லோடர் பிரியர்களுக்கென தேசிய அளவிலான சங்கமே 1933-இல் தொடங்கப்பட்டு, இந்தியானா மாகாணத்தின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் இன்றும் போட்டிகள் நடத்துகிறது. பல மாகாணங்கள் தனி வேட்டைப் பருவம் ஒதுக்குவதால், காட்டில் கூடுதல் நாள்கள் கிடைக்கும் என்பதற்காகவே இதை வாங்குபவர்களும் உண்டு. அவர்களுக்காக வந்ததுதான் 'இன்லைன்' என்ற நவீன வகை. மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் 1985-இல் கொண்டுவந்த எம்.கே-85 மாடல் இதைப் பிரபலமாக்கியது.

துப்பாக்கி ஏன் உதைக்கிறது?

நியூட்டனின் மூன்றாம் விதி. குண்டு முன்னால் போனால் துப்பாக்கி பின்னால் வந்தே ஆக வேண்டும். ஆனால் மஸில்லோடரில் இன்னொரு கணக்கும் இருக்கு. முன்னால் போவது குண்டு மட்டும் இல்லை, மருந்தும்தான். கருமருந்து எரிந்தால் பாதிக்கும் சற்றே குறைவான எடைதான் வாயுவாக மாறும். மீதி திடப்பொருள்: புகையாகவும் கரியாகவும் வெளியேறும், கொஞ்சம் குழலில் ஒட்டிக்கொள்ளும். இந்த மொத்த எடையையும் துப்பாக்கி முன்னால் தள்ளுவதால், பின்னால் வரும் உதையும் கூடுகிறது.

மருந்தை அளக்கும் அலகு கிரெயின். 100 கிரெயின் என்பது சுமார் 6.5 கிராம். இத்தனூண்டு பொடியை 10, 20 கிரெயின் கூட்டினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் உதையின் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். உந்தம் 20 சதவிகிதம் கூடினால் உதையின் ஆற்றல் 44 சதவிகிதம் கூடும். எதிர்ப்பக்கமும் கணக்கு உண்டு. அதே குண்டு, அதே மருந்து, ஆனால் 3 கிலோவுக்குப் பதில் 4 கிலோ துப்பாக்கி என்றால் உதையின் ஆற்றல் 25 சதவிகிதம் குறையும். காட்டில் தூக்கிச் சுமக்க லேசான துப்பாக்கி சுகம், சுடும்போது கனமான துப்பாக்கி சுகம். ரெண்டும் ஒண்ணா கிடைக்காது.

'லோடு' சோதனை எப்படி நடக்கிறது?

கடையில் வாங்கும் தோட்டாவில் எல்லாம் ஏற்கெனவே அளந்து வைத்திருக்கும். மஸில்லோடரில் அந்த வேலை சுடுபவர் தலையில். எந்த மருந்து, எவ்வளவு, எந்தக் குண்டு என்ற இந்தக் கூட்டணிக்குத்தான் லோடு என்று பெயர். ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கி வாங்கினாலும் இரண்டுக்கும் ஒரே லோடு பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

முதல் விதி, தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் குறைந்த அளவில் தொடங்குவது. அதில் மூன்றோ ஐந்தோ குண்டுகளை ஒரே இலக்கில் சுடுவார்கள். துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்ப்பார்கள். பிறகு 5 அல்லது 10 கிரெயின் மட்டும் கூட்டி மறுபடி. முதலில் 50 யார்டு தூரம், அப்புறம் 100. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மருந்தையும் குண்டையும் சேர்த்து மாற்றினால், எதனால் மாறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

குழலின் உள்ளே இருக்கும் சுழல் பள்ளங்களும் முக்கியம். 48 முதல் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான சுழல், துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு ஒத்துவரும். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற வேகமான சுழல், நீளமான குண்டுகளுக்கு. இது பொருந்தாவிட்டால் என்ன மருந்து போட்டாலும் குறி சிதறும்.

உருண்டைக் குண்டு சுடுபவர்களுக்கு ஒரு துப்பறியும் வேலையும் உண்டு. குண்டைச் சுற்றிய துணி சில அடி தள்ளி விழுந்து கிடக்கும். அதை எடுத்துப் பார்த்தால் கதை தெரியும். ஓரம் மட்டும் கறுத்திருந்தால் பரவாயில்லை. நடுவில் பொசுங்கியோ கிழிந்தோ இருந்தால் மருந்து அதிகம், அல்லது துணி மெல்லிசு என்று அர்த்தம்.

ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் குழலைத் துடைப்பது, கம்பியால் ஒரே அழுத்தத்தில் கெட்டிப்பது எல்லாம் இந்தச் சோதனையின் பகுதிதான். கரி சேரச் சேர குண்டு உள்ளே போக மறுக்கும், குறியும் மாறும்.

மருந்து கூடினால் வேகம் கூடும்தானே?

ஓரளவுக்குத்தான். ஒரு கட்டத்துக்கு மேல் குழல் முடிவதற்குள் மருந்து முழுசா எரியாது. மிச்சம் வாய் வழியாக வெளியே கொட்டும். அப்போது கூடுதல் மருந்து குண்டுக்குத் தருவது கொஞ்சம். தோளுக்குத் தருவது நிறைய.

இங்கேதான் நிஜமான சிக்கல். தோள் வலித்தவருக்கு அடுத்த முறை விசையை அழுத்தும் முன்பே உடம்பு சுருங்கும். கண் தானாக மூடும். துப்பாக்கி ஒரு நூல் அசைந்தால் போதும், குண்டு நெஞ்சில் படாமல் வயிற்றில் படும். அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடி, எங்கோ விழுந்து, மணிக்கணக்கில் துடிக்கும். அதிகபட்ச மருந்தை விட, பதறாமல் சுட முடிகிற மருந்தே நல்ல லோடு என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

உதையைக் குறைக்க என்ன செய்கிறார்கள்?

* மருந்து அல்லது குண்டின் எடையைக் குறைப்பது. இதுவே முதல் மருந்து.
* துப்பாக்கிக் கட்டையைத் தோள் குழியில் இறுக்கமாகப் பொருத்துவது. இடைவெளி விட்டால் அது தள்ளாது, குத்தும்.
* கட்டையின் பின்பக்கம் ரப்பர் பேட் போடுவது. பழைய மாடல்களில் பிறை வடிவப் பித்தளைத் தகடு இருக்கும். அதன் முனை தோளைப் பதம் பார்க்கும். அதை மேல்கைப் பக்கமாக வைத்துச் சுடுவதே பழைய வழக்கம்.
* மேஜையில் குனிந்து சுட்டால் உதை அதிகமாகத் தெரியும். நின்று சுடும்போது உடம்பு பின்னால் அசைந்து அதை வாங்கிக்கொள்ளும். அதனால் சோதனை நாளில் தோளுக்குக் கூடுதல் பேட் கட்டிக்கொள்வார்கள். வலி தொடங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்துவார்கள்.
* தொலைநோக்கி பொருத்தியிருந்தால் கண்ணைத் தள்ளி வைப்பது. இல்லையென்றால் புருவம் கிழியும்.
* காதுக்குப் பாதுகாப்பு. பதற்றத்தில் பாதி சத்தத்தால் வருவது.

உயிருக்கே உலை வைக்கும் தவறுகள்

உதையைவிட மோசமானது குழல் வெடிப்பது. கருமருந்துத் துப்பாக்கியில் நவீன 'புகையில்லா' மருந்தைப் போட்டால், அதன் அழுத்தத்தைக் குழல் தாங்காது. குண்டு மருந்தின் மேல் முழுசா உட்காராமல் நடுவில் நின்றாலும் ஆபத்து. ஏற்கெனவே நிரப்பியதை மறந்து மறுபடி நிரப்புவதும் நடக்கும். இதற்கு ஒரு எளிய வழி: நிரப்பிய பின் கம்பி எதுவரை உள்ளே போகிறது என்று அதில் கோடு போட்டு வைப்பது. கோடு வெளியே அதிகமாகத் தெரிந்தால், உள்ளே ஏதோ தப்பு.

மருந்தைக் குடுவையிலிருந்து நேரடியாகக் குழலில் கொட்டக் கூடாது. உள்ளே ஒரு நெருப்புத் துளி மிச்சம் இருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். எப்போதும் தனி அளவுக் குப்பிதான். மாற்று மருந்துகளையும் அதே குப்பியில் அளப்பார்களே தவிர, தராசில் போட மாட்டார்கள். அவற்றில் சில கருமருந்தைவிட லேசானவை. அதே எடைக்குப் போட்டால் மருந்து கூடிவிடும். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? இலக்கை நோக்கியே பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிப்பது இந்த வகையில் சகஜம்.

நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா?

நடக்காது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம். மலையோரக் கிராமங்களில் கைதுச் செய்திகள் வருவது இதனால்தான். அந்தத் துப்பாக்கிகளுக்குக் கையேடு கிடையாது, சோதனை கிடையாது, எந்தக் குழல் எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. பென்சில்வேனியாக்காரர் 5 கிரெயின் கூட்டவே யோசிக்கும் இடத்தில், இங்கே கைக்கு வந்த அளவுதான் கணக்கு. அது முதலில் பதம் பார்ப்பது சுடுபவரின் கையையும் கண்ணையும்தான்.