சூட்டோடு சூடாகக் கந்தகம் களைதல்

நிலக்கரியை அப்படியே எரிக்காமல், அழுத்தம் மிகுந்த கலனுக்குள் அளவான ஆக்சிஜனும் நீராவியும் செலுத்தினால் அது எரிவாயுவாக மாறும். அதில் பெரும்பங்கு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும்தான். ஆனால் கரியிலிருந்த கந்தகமும் கூடவே வந்துவிடும். பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடாக, கொஞ்சம் கார்பனைல் சல்ஃபைடாக. இவை குழாய்களை அரிக்கும், வினையூக்கிகளைச் செயலிழக்கச் செய்யும்; எரிந்தால் கந்தக டைஆக்சைடாகிக் காற்றைக் கெடுக்கும்.

வழக்கமான வைத்தியம், வாயுவைக் குளிரவைத்துக் கழுவுவது. ரெக்டிசால் முறையில் நீரின் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த மெத்தனால் கந்தகத்தைக் கரைத்துக்கொள்ளும். சுத்தம் பிரமாதம்தான். ஆனால் பல கலன்களில் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிப் புறப்படும் வாயுவை அவ்வளவு கீழே இறக்கவேண்டும். டர்பைனுக்கு அனுப்புமுன் மறுபடி சூடேற்றவேண்டும். சோற்றை ஆறவைத்துத் திரும்பச் சுடவைக்கும் வேலை.

சூட்டிலேயே கந்தகத்தைப் பிடிக்கத் துத்தநாக ஆக்சைடுக் குருணை உதவும். சுமார் 400 முதல் 600 டிகிரியில் அது ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து கந்தகத்தை எடுத்துக்கொண்டு துத்தநாக சல்ஃபைடாகிறது, நீராவி வெளியேறுகிறது. பிறகு வேறொரு கலனில் சூடான காற்று பட்டதும் கந்தகம் டைஆக்சைடாகப் பிரிய, ஆக்சைடு மீள்கிறது. பிரிந்த வாயுவிலிருந்து கந்தக அமிலம் தயாரிக்கலாம்.

சிக்கல் இந்தச் சுழற்சியில்தான். சூடு அதிகமானால் வாயுவிலுள்ள ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் ஆக்சைடை உலோகத் துத்தநாகமாக்கும். அது ஆவியாகிப் பறந்துவிடும். டைட்டேனியம் ஆக்சைடுடன் சேர்த்துத் துத்தநாக டைட்டனேட்டாக்கினால் இழப்பு குறையும். கந்தகம் ஏறும்போது குருணை உப்பும், இறங்கும்போது சுருங்கும்; மாறிமாறி நடந்தால் வெடித்துத் தூளாகும். காற்றூட்டும்போது எழும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் நுண்துளைகள் அடைபடும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் போக் மின்நிலையத்தில் 1990களில் குருணைப் படுகை ஒன்று அமைக்கப்பட்டது. ஆனால் அது முறையாக இயங்கவே இல்லை. 2014இல் அதே நிலையத்தில், ஆர்டிஐ ஆய்வு நிறுவனம் நுண்குருணைகளை வாயுவோடு குழாயில் ஓடவிட்டு, 50 மெகாவாட்டுக்கு ஈடான வாயுவிலிருந்து 99 விழுக்காட்டுக்கும் மேல் கந்தகத்தைக் களைந்து காட்டியது. அங்கே வெப்பநிலையும் மிதமானதே.

இன்னொரு பாக்கியும் உண்டு. வழக்கமான முறையில் வாயுவைக் குளிரவைத்து நீரால் கழுவும்போது அம்மோனியாவும் சேர்ந்தே போய்விடும். சூடான வாயுவில் அதற்கும் பாதரசத்துக்கும் தனி ஏற்பாடு வேண்டும். குருணையைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதல் சுற்றில் அது எவ்வளவு கந்தகம் பிடிக்கிறது என்பதில் மயங்குவதில்லை. நூறாவது சுற்றில் அந்தத் திறனில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றே பார்க்கிறார்கள்.