விவாதத்தில் வென்றவர் யார்?

2010 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் திகதி இரவு, பிரித்தானியாவின் மூன்று பெருங் கட்சிகளின் தலைவர்கள் மன்செஸ்டர் நகரில் தொலைக்காட்சிக் கமராக்களின் முன் ஒருங்கே நின்றனர். அந்நாட்டுப் பொதுத் தேர்தல் வரலாற்றில் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதற்றடவை. பிரதம மந்திரி கோர்டன் பிரவுண் தொழிற் கட்சிக்காகவும், டேவிட் கமரன் பழமைபேண் கட்சிக்காகவும், நிக் கிளெக் லிபரல் ஜனநாயகக் கட்சிக்காகவும் பேசினர். விவாதத்தின் நடுவே சபையோர் கைதட்டலாகாது என்பது உட்பட 76 விதிகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன.

கிளெக்கைப் பலர் அன்றுதான் ஊன்றிக் கவனித்தனர். வினா எழுப்பியவரின் பெயரை அவர் நினைவில் வைத்துச் சொன்னார். விடையளிக்கையில் கமராவை நேரே நோக்கினார். தம்மிடமே அவர் பேசுகிறார் என்று வீட்டிலிருந்தோர் எண்ணினர். போதாக்குறைக்கு, நிக் சொல்வது தமக்கும் உடன்பாடே என்று பிரவுண் பன்முறை கூறி அவருக்கு உதவியும் செய்தார்! விவாதம் முடிந்தவுடன் எடுக்கப்பட்ட அபிப்பிராயக் கணிப்புகளிற் கிளெக்கே முதலிடம் பெற்றார்.

மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்தது. 2005 இல் 62 ஆசனங்களை வென்ற அவரது கட்சிக்கு இம்முறை 57 ஆசனங்களே கிடைத்தன. வாக்கு வீதம் சிறிது உயர்ந்துதான் இருந்தது. ஆயினும் தொகுதிக்கு ஒருவர் என்னும் முறையில், நாடெங்கும் பரந்து கிடக்கும் வாக்குகள் ஆசனங்களாக மாறுதல் அரிது. எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாமையாற் கிளெக் துணைப் பிரதமரானமை வேறு கதை.

வென்றவர் இன்னார் என்னும் அத்தீர்ப்பாவது பார்ப்பவரின் சொந்தத் தீர்ப்பா? ஏப்ரல் 29 ஆம் திகதி பேர்மிங்காமில் நடந்த மூன்றாவது விவாதத்தின்போது உளவியல் ஆராய்ச்சியாளர் சிலர் இதனைச் சோதித்தனர். திரையின் அடியில் ஏறியும் இறங்கியும் நெளியும் ஒரு கோடு. இன்னும் முடிவு செய்யாத வாக்காளரின் மனப்போக்கை அது காட்டுவதாகப் பார்த்தோர் நம்பினர். உண்மையில் அதனை அசைத்தவர்கள் ஆராய்ச்சியாளரே. ஏறத்தாழ 150 பேர் இரு குழுக்களாக இருந்து ஒரே விவாதத்தைப் பார்த்தனர். ஒரு குழுவுக்குக் கோடு பிரவுணுக்குச் சாதகமாக ஏறிற்று. மற்றதற்குக் கிளெக்குக்குச் சாதகமாக ஏறிற்று. முதற் குழுவிற் பலர் பிரவுணே வென்றார் என்றனர். இரண்டாவதில் அவ்வாறு கூறியோர் மிகச் சிலர். சிறந்த பிரதமராகத் தக்கவர் எவர் என்ற தெரிவிலும் அக்கோட்டின் சாயல் விழுந்திருந்தது. வானொலியிற் கேட்போருக்கு அத்தகைய கோடு இல்லை என்பது சிறு ஆறுதல்.

அன்றைய விவாதத்துக்குரிய விடயமோ பொருளாதாரம். அரசாங்கத்தின் வரவுக்கும் செலவுக்கும் இடையே பெரும் பள்ளம் விழுந்திருந்த காலம். அதனை நிரப்ப எச்செலவுகளைக் குறைப்பர் என்பதை மூன்று கட்சிகளும் போதிய அளவு விளக்கவில்லையென, நிதிக் கற்கைகள் நிறுவனம் இரு நாட்களுக்கு முன்னரே சுட்டிக்காட்டியிருந்தது. குரலையும் தோற்றத்தையும் விடுத்து, கேட்ட வினாவுக்கு விடை வந்ததா என்பதை மாத்திரம் ஒருவர் தாளிற் குறித்திருப்பாராயின், அந்த ஒரு விடயத்தில் மூவர் பெயருக்கு எதிரேயும் பெரும்பாலும் வெற்றிடமே மிஞ்சியிருக்கும்.