மருந்து செய்யக் கற்றல்: திருகோணமலையை முன்வைத்து ஒரு நோக்கு

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இலங்கையின் வைத்தியசாலைகளில் அத்தியாவசிய மருந்துகளுக்குக் கடுந்தட்டுப்பாடு நிலவியது. நாட்டின் மருந்துத் தேவையிற் பெரும்பகுதி இறக்குமதியினாலேயே நிறைவு செய்யப்படுவதால், அந்நியச் செலாவணி வற்றியதும் மருந்தும் வற்றியது. பெருமைக்குரிய இயற்கைத் துறைமுகத்தை வாசலிற் கொண்ட திருகோணமலையும் இதற்கு விலக்கன்று. இதனை நிருவாகக் குறைபாடாக மட்டும் கொள்வோர் உளர். மருந்தை யார் செய்கின்றனர், செய்யும் அறிவு யாரிடம் உள்ளது என்பதே அடிப்படை வினா என நாம் கருதுகிறோம்.

இவ்வினா புதியதன்று. பேராசிரியர் சேனக பிபிலேயும் இடதுசாரித் தலைவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் முன்வைத்த அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருப்பெற்றது. வணிகப் பெயர்களின் பெருக்கத்தைக் குறைத்து, மருந்தின் சொந்தப் பெயரிலேயே அதனை வாங்கவும் வழங்கவும் அது முயன்றது. 1974இல் வாந்திபேதி பரவியபோது, டெட்ராசைக்கிளின் மூலப்பொருளை வில்லையாகவோ உறையாகவோ ஆக்கித்தருமாறு இங்கு ஆலை வைத்திருந்த பன்னாட்டு நிறுவனமொன்று கேட்கப்பட்டது, அது நிறைவேறவில்லை. முடிந்த மருந்தை அதிக விலைக்கு வெளியிலிருந்து தருவிக்க நேர்ந்தது. பொருள் கையிலிருந்தும் அதனை மருந்தாக்கும் வசதி மக்கள் கையில் இல்லை என்பதே இதிலிருந்து நாம் பெறவேண்டிய செய்தியாகும்.

இனி, சித்த மருத்துவத்தை நோக்குவோம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் 2008இற் சித்த மருத்துவ அலகு தோன்றியது. அங்கு பயில்வோர்க்கு மருந்துப் பொருளின் இயல்பும் செய்முறையும் ‘குணபாடம்’ என்னும் பெயரில் ஒரே பாடமாக அமைகின்றன. மருந்தை எழுதிக்கொடுப்பவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர், விற்பவர் வேறொருவர் என்னும் நவீன வேலைப்பிரிவினை இங்கு முழுமை பெறவில்லை. இதனைப் பின்தங்கிய நிலை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அவ்வாறு ஒதுக்குதல் சரியன்று.

சித்த மரபு மருந்துகளுக்கு ஆயுள் வகுத்துள்ளது. குடிநீருக்கு ஒரு சாமம், அதாவது 3 மணிநேரம்; சூரணத்துக்கு 3 மாதம்; எண்ணெய்க்கு ஓராண்டு. ஒரு சாமத்திற் கெடும் பொருளைக் களஞ்சியத்திற் குவிக்கவியலாது, கப்பலேற்றவும் இயலாது. நோயாளிக்கு அருகே, அன்றன்றே காய்ச்ச வேண்டும். பயன் பெறுமானம் மிக்கதாயினும் பரிவர்த்தனைப் பெறுமானத்திற்கு எளிதில் வசப்படாத பொருள் அது. கடைகளிற் குடிநீர்ச் சூரணம் பொதியாக விற்கப்படுகிறது என்பது உண்மையே. அங்கும் காய்ச்சும் உழைப்பு வீட்டிலேயே எஞ்சி நிற்கிறது.

இலக்கிய மாணவராகிய நமக்கு அக்கறை தருவது பிறிதொன்று. பரராசசேகரம் முதலான ஈழத்து வாகடங்கள் செய்யுளில் ஆனவை. சரக்கின் பெயரையும் நிறையையும் யாப்பு மறவாது காக்கிறது. ‘எட்டொன்றாய்க் குறுக்குக’ என்னும் அளவையும் காக்கிறது. ஆயின் பக்குவத்தை அது முழுதும் காக்கவியலாது. தைலம் காய்ச்சுகையில் அடியிற் படியும் கற்கத்தை விரலால் உருட்டிப் பார்த்தே மெழுகுபதம், கடுகுபதம், மணற்பதம் என மூவகையை வேறுபடுத்துவர். சில துளியைத் திரியிலிட்டு எரித்தால் சடசடவென வெடிப்பின் நீர் இன்னும் வற்றவில்லை. அமைதியாய் எரியின் வற்றிற்று. மிளகைப் புளித்த மோரில் ஊறவைத்து உலர்த்துவதும், சுக்கின் மேற்றோல் நீக்குவதும், இடித்ததைத் துணியிற் சலிப்பதும் கைகண்டு கற்பவை. ஏடு பாதி, கை மறுபாதி. ஏட்டைப் பதிப்பித்தோர் பெயர் நூன்முகத்தில் உண்டு. மறுபாதிக்கு அத்தகைய பதிவு இல்லை.

அம்மறுபாதியை நாம் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை. பரியாரி குடும்பங்களுள் மருந்தறிவு தந்தைவழிச் சொத்தாகப் பூட்டப்பட்டிருந்தது. பரிபாஷைச் சொற்கள் அப்பூட்டை இறுக்கின. உரலிலும் அம்மியிலும் இடித்து அரைத்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. பதமறிந்த அவர்களுக்கு வைத்தியர் என்னும் பெயர் கிட்டியது அரிது. வகுப்பறையில் மாணவியர் தாமே அடுப்பேற்றிப் பதம் பார்ப்பது இவ்வகையில் ஒரு வரலாற்று மாற்றமே.

சிறு உற்பத்திக்கு உரிய இடர்களும் உள. வாடைக்காற்று வீசும் மாரியிற் சூரணம் ஈரமேற்றுப் பூஞ்சணம் பிடிக்கும்; கச்சான் காலத்தில் உலர்த்தி வைத்த சரக்கே அப்போது கைகொடுக்கும். சரக்கின் அடையாளம், ஈரப்பதம், சாம்பலளவு என்பவற்றைச் சோதித்தல், தொகுதிதோறும் செய்த நாளைக் குறித்தல் ஆகியவை சிறு கூடத்திற்கும் இயலுவன. இரசமும் பாடாணமும் சேரும் பற்ப செந்தூரங்கள் வேறு வகை. சுத்தி பிழைத்தால் மருந்தே நஞ்சாகும். உலோகச் சோதனைக்கு வேண்டிய கருவிகள் சிறு கூடத்தின் சக்திக்கு அப்பாற்பட்டவை. அவை பொதுத்துறையின் ஆய்வுகூடத்தில், கூட்டுறவு முறையில், சிறு உற்பத்தியாளர் அனைவர்க்கும் கிடைக்கவேண்டியவை. சென்னையில் 1944இல் இந்திய மருத்துவர்கள் தமக்கெனக் கூட்டுறவு மருந்துச்சாலை ஒன்றை நிறுவி நடத்திக்காட்டினர். கிழக்கு மாகாணத்தில் அத்தகைய ஒன்றுக்கு வேண்டிய வைத்தியரும் மாணவரும் இன்று உளர். சரக்கு வளர் நிலமும் உண்டு.