மோட்டார் சைக்கிளைப் பிக்கப்பில் ஏற்றும்போது

சித்திரை பிறந்து பனி கரைந்ததும் ஒன்ராறியோவில் எம்மவர்களுக்குப் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும் ஆசை வந்துவிடும். ஊரில் எம்.டி. 90 முதல் பல்சர் வரை ஓடித்திரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஆனால் வாங்கிய இடத்திலிருந்து அப்படியே ஓட்டிக்கொண்டு வரலாம் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்துப் பரீட்சை எழுதி எடுக்கும் எம்1 அனுமதிப்பத்திரத்துடன் இருட்டில் ஓட முடியாது. பின்னால் ஆள் ஏற்ற முடியாது. 400, 401 போன்ற பெருந்தெருக்களில் ஏறவே முடியாது. இலக்கத்தகடும் காப்புறுதியும் இல்லாவிட்டால் எந்தத் தெருவிலும் ஓட முடியாது. ஆகவே பாரியிலோ பீற்றர்பறோவிலோ வாங்கியதை ஸ்காபறோவுக்குக் கொண்டுவரப் பிக்கப்தான் வழி.

பிக்கப் இரவல் கிடைத்துவிடும். கட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. ஊரில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, இரண்டு நெல்மூட்டையை அண்டை கொடுத்து, கயிற்றுத் துண்டால் கட்டி, ஒரு பொடியனைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுவோம். உழவு இயந்திரம் ஓடிய வேகத்துக்கு அது போதும். இங்கே 100 கிலோமீற்றர் வேகத்தில் போகிறோம். பின்னால் காரில் ஒரு குடும்பம் வருகிறது. 150 கிலோ இரும்பு முன்னால் விழுந்தால் பிறேக் அடிக்கவும் அவர்களுக்கு நேரம் இராது. பெட்டிக்குள் ஆளை நிறுத்திப் பிடிக்கச் சொல்லும் வேலையும் இங்கே வேண்டாம்.

நான்கு ராச்செற் பட்டிகள் வேண்டும். வாங்கும்போது பட்டியில் தைத்திருக்கும் சிட்டையை வாசியுங்கள். வெளியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் பட்டி அறும் பாரம். நாங்கள் நம்பவேண்டிய வேலைப்பாரம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். கொளுக்கி வைத்த றப்பர் கயிறு படங்கு கட்ட உதவும், இதற்கு உதவாது.

ஏற்றும் பலகை 8 அடியாவது இருந்தால் நல்லது. கட்டையான பலகை செங்குத்தாக நிற்கும். பிக்கப்பின் பின்சில்லு பள்ளத்தில் நிற்கும்படி நிறுத்தினால் ஏற்றம் குறையும். பலகையின் மேல்முனையைப் பிக்கப்போடு சேர்த்துக் கட்டவேண்டும். எம்மவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சில்லு ஏறும்போது பலகை பின்னுக்கு உதைபட்டு வழுகும். அந்த நேரம் பலகையில் நிற்பவர் மோட்டார் சைக்கிளின் கீழேதான் விழுவார். ஒருவர் ஹான்டிலையும் பிறேக்கையும் பிடிக்க, இருவர் பின்னால் தள்ளட்டும். ஏறியிருந்து ஓட்டி ஏற்றும் வீரம் தம்பிமாருக்கு வேண்டாம்.

முன்சில்லு பெட்டியின் முன்சுவரில் முட்டி நிற்கவேண்டும். பக்க ஸ்ரான்ட் போட்டுக்கொண்டு கட்டக்கூடாது. பட்டி இழுக்கிற பாரமெல்லாம் அதன்மேல் போய் அதை வளைத்துவிடும். நிமிர்ந்து நிற்கும்படி ஒருவர் பிடித்திருக்க மற்றவர் கட்டவேண்டும். முன்பட்டிகளை ஹான்டில் பிடியில் மாட்டாதீர்கள், அது திரும்பும். முன் ஷொக் குழாய்கள் இரண்டையும் இணைக்கும் கீழ்த்தட்டில் துணி வளையம் போட்டு, அதில் கொளுவி, பெட்டியின் முன்மூலைகள் இரண்டுக்கும் சரிவாகக் கீழிழுத்துக் கட்டவேண்டும். வயரும் பிறேக் குழாயும் நசிபடாமல் பாருங்கள். இடமும் வலமுமாக மாறிமாறி இறுக்குங்கள். ஷொக் அரைவாசி அமர்ந்தால் போதும். முழுக்க அமத்தினால் எண்ணெய் சீல் பழுதாகலாம். தளர்வாக விட்டால் அதைவிட மோசம். குழியில் விழும்போது ஷொக் அமரும், பட்டி தளரும், கொளுக்கி கழன்று போகும்.

என்னோடு இரவு வேலை செய்யும் ஒருவருக்கு இதுதான் நடந்தது. ரயில் கடவையில் ஒரு பக்கக் கொளுக்கி கழன்றது. மோட்டார் சைக்கிள் சரிந்து, ஹான்டில் முனை பிக்கப்பின் பின்கண்ணாடியை உடைத்தது. உள்ளே பின்னிருக்கையில் அவருடைய மகன் இருந்தான். தெய்வாதீனமாகக் கீறலோடு போயிற்று. கண்ணாடிக்குக் காசு கொடுத்துவிட்டார். இரவல் தந்தவரோடு இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

பின்பட்டிகள் பின்பக்கம் துள்ளாமலும் அசையாமலும் இருக்கத்தான், அளவாக இறுக்கினால் போதும். முதல் கியரில் விட்டு, பெற்றோல் குழாயைப் பூட்டி, பட்டிகளின் மிச்ச நுனியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். 10 கிலோமீற்றர் ஓடியதும் ஓரிடத்தில் நிறுத்தி நான்கையும் தொட்டுப் பாருங்கள். புதுப் பட்டி கட்டாயம் கொஞ்சம் இளகியிருக்கும். பாரம் விழாதபடி கட்டாமல் ஓட்டக்கூடாது என்று ஒன்ராறியோ பெருந்தெருப் போக்குவரத்துச் சட்டத்தில் இருக்கிறது. கட்டியது நான் இல்லை என்று பொலிசுக்குச் சொல்லிப் பயனில்லை.

இறக்குவது ஏற்றுவதைவிடக் கஷ்டம். களைத்து வீடு வந்து, ரீ குடிக்கிற அவசரத்தில் பட்டிகளைச் சட்டென்று கழற்றுவார்கள். முதலில் பலகையைக் கட்டுங்கள். ஒருவர் ஹான்டிலைப் பிடித்த பிறகே முன்பட்டிகள் கழரவேண்டும். பின்சில்லு முதலாக இறக்கும்போது முன்பிறேக் மட்டும் பிடித்தால் முன்சில்லு வழுக்கக்கூடும். இயந்திரத்தை நிறுத்தி, முதல் கியரிலேயே விட்டு, கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து விட்டால் மோட்டார் சைக்கிள் அரை அடி அரை அடியாகத் தானே இறங்கும்.