பழைய ஜிப்சியை மலைப்பாதைக்குத் தயார் செய்வது: எண்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு கணக்கு

கொல்லிமலையில் என் மச்சினனுக்குக் கொஞ்சம் மிளகும் காப்பியும் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு இரண்டரை கிலோமீட்டர் மண்பாதை. ஐப்பசி, கார்த்திகையில் அது பாதையாக இருக்காது, ஓடையாக இருக்கும். மூட்டை இறக்குவதும் மாமியாரை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அந்த வழியாகத்தான். அதற்காக 1998 மாடல் ஜிப்சி கிங் ஒன்றை வாங்கியிருக்கிறான். கார்புரேட்டர் வண்டி. "மாமா, எண்பதாயிரம் வச்சிருக்கேன், வண்டிய அஞ்சு இஞ்ச் தூக்கிரலாமா?" என்று போனில் கேட்டான்.

"மொதல்ல கணக்குப் போடுவோம் மாப்ளே" என்றேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை. பழைய, சின்ன நாலு சக்கர இழுவை வண்டி யார் வைத்திருந்தாலும் ஓரளவு பொருந்தும்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். இதன் வம்சம் ஜப்பானில் ஹோப் மோட்டார் என்ற சின்ன கம்பெனியில் தொடங்குகிறது. அவர்களுடைய ஓஎன்360 வடிவமைப்பை சுசூக்கி வாங்கி 1970இல் எல்ஜே10 என்று வெளியிட்டது. 1981இல் எஸ்ஜே410 வந்தது. அதன் நீட்டிய வடிவம்தான் 1985 கடைசியில் மாருதி ஜிப்சியாக இந்தியாவுக்கு வந்தது, 970 சிசி எஞ்சினோடு. 1996இல் 1298 சிசி போட்டு ஜிப்சி கிங் ஆனது, அறுபது குதிரைத்திறன். வெறும் வண்டி கிட்டத்தட்ட ஒரு டன்தான். இந்தக் குறைந்த எடைதான் இதன் பெரிய பலம். சேற்றில் ஒரு டன் வண்டி மிதக்கிற இடத்தில் இரண்டு டன் வண்டி புதையும்.

அடியில் போய்ப் பார்த்தால் எல்லாமே லாரி மாதிரி. ஏணி போன்ற சேஸிஸ், முன்னும் பின்னும் இரும்புக் குழாய் மாதிரி ஒரே அச்சு, நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். நாமக்கல் பக்கம் லாரி பட்டறைக்குப் பஞ்சமில்லை என்பதால் இது நமக்கு வசதி.

இப்போது அவன் கேட்ட அந்த அஞ்சு இஞ்ச். ஜிப்சியில் பட்டை அச்சுக்குக் கீழே இருக்கும். அதை அச்சுக்கு மேலே மாற்றிப் பற்றவைத்தால் உடம்பு அஞ்சு இஞ்ச் போல உயரும். வெல்டிங் கூலிதான் செலவு, அதனால்தான் எல்லாரும் முதலில் இதைச் செய்கிறார்கள். பார்க்கவும் மிரட்டலாக இருக்கும். ஆனால் இந்த வண்டியில் தரையிலிருந்து மிகக் குறைந்த உயரத்தில் இருப்பது எது? அச்சின் நடுவில் குண்டாகத் தொங்கும் கிரவுன் ஹவுசிங். அது அச்சோடு சேர்ந்தது, அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. உடம்பை அஞ்சு இஞ்ச் தூக்கினாலும் ஒரு அடி தூக்கினாலும் அந்தக் குண்டு ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. கம்பெனி சொல்லும் 210 மி.மீ. அதே 210 மி.மீ.தான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர்.

தூக்குவதால் பலனே இல்லை என்று சொல்லவில்லை. மேட்டின் உச்சியில் வயிறு தட்டாது, பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் ஜிப்சிக்கு முன்னும் பின்னும் நீட்டல் குறைவு, அந்தப் பிரச்சினை ஏற்கெனவே பெரிதில்லை. பதிலுக்கு எதைக் கொடுக்கிறோம் என்று பார்க்கணும். இதன் சக்கர அகலம் 1300 மி.மீ., அதில் பாதி 650. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 650 மி.மீ. என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் காகிதத்தில் 45 டிகிரி சாய்வு வரை கவிழாது. உடம்பைத் தூக்கும்போது அச்சும் சக்கரமும் கீழேயே நிற்பதால் மையம் முழு அஞ்சு இஞ்ச் ஏறாது, சுமார் 100 மி.மீ. ஏறும். இப்போது அது 41 டிகிரி. நாலு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் காகிதத்தில் பட்டை அமுங்காது, டயர் பிதுங்காது, கூரையில் மூட்டை இருக்காது, வண்டி ஆடாது. நிஜத்தில் கையில் இருப்பது அந்த 45இல் ஒரு பகுதிதான், அதிலிருந்து நாலு போகிறது. அந்தப் பாதையில் ஒரு பக்கம் பள்ளம்.

இன்னொன்றும் உண்டு. பட்டை மேலே போனால் அச்சு முறுக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் கம்பியின் கோணம் கெட்டுப்போகும். அதைச் சரிசெய்ய வேறு செலவு. ஆரம்பத்தில் மலிவாகத் தெரிந்தது முடிவில் மலிவு இல்லை.

சரி, டயருக்கு வருவோம். கிங்கில் வருவது 205/70 ஆர்15. விட்டம் 668 மி.மீ. ஆஃப்ரோடு ஆட்கள் வழக்கமாகப் போடுவது 235/75 ஆர்15. அதன் விட்டம் 733 மி.மீ. கிரவுன் உயர்வது வித்தியாசத்தில் பாதி, அதாவது 33 மி.மீ. நல்ல லாபம்தான். ஆனால் சக்கரம் பெரிசானால் கியர் விகிதம் நீண்டுவிடும். 733ஐ 668ஆல் வகுத்தால் 1.1. அறுபது குதிரை எஞ்சினிடமிருந்து பத்து சதவீத இழுவையைப் பிடுங்குகிறோம். பிரேக்குக்கும் அதே கதை. சக்கரம் பெரிசாக ஆக, அதே வேகத்தில் நிறுத்த டிஸ்க்கில் அதே பத்து சதவீதம் கூடுதல் பிடி வேண்டும். காரவள்ளியிலிருந்து மேலே போகிற ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவு. அதில் மூட்டையோடு இறங்குகிற வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை. போதாததற்கு, வண்டியோடு வந்த ரிம்மின் அகலம் ஐந்தரை இஞ்ச். 235க்கு ஆறாவது வேண்டும்.

நடுவில் 215/75 ஆர்15 இருக்கிறது. பொலேரோவுக்கு வருகிற அளவு, எந்த ஊர் டயர் கடையிலும் கிடைக்கும். விட்டம் 703, கிரவுன் 18 மி.மீ. உயரும், இழுவையில் போவது ஐந்து சதவீதம். ஐந்தரை இஞ்ச் ரிம்மிலேயே உட்காரும். நான் இதைத்தான் சொன்னேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது, போட்டோவில் கெத்தாக இருக்காதாம். ஸ்பீடாமீட்டர் அறுபது காட்டும்போது நிஜத்தில் அறுபத்துமூன்றில் போவான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன்.

போன ஐந்து சதவீதத்தைத் திரும்ப வாங்கும் வழிதான் இந்த வண்டியில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி, கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்காது. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். கியர் பாக்ஸைத் தொடாமல் இதைத் தனியாகக் கழற்றலாம். கிங்கின் மூத்த அண்ணன் எஸ்ஜே410இன் எஞ்சின் சின்னது, அதனால் அதன் பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் இன்னும் தாழ்ந்த விகிதம். கிங் வகையில் லோ விகிதம் 2.268, எஸ்ஜே410இல் 2.511. வகுத்துப் பார்த்தால் 1.107, கிட்டத்தட்ட பதினொரு சதவீதம். டயர் எடுத்த ஐந்தைத் திருப்பிக் கொடுத்து, மேலே ஐந்து மிச்சம். சறுக்கலான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள அந்த மிச்சம் உதவும். 235 போட்டிருந்தால் கூட்டிக் கழித்துப் பழைய இடத்திலேயே நின்றிருப்போம்.

விலை கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் மாதிரி பழைய சாமான் கடைகளில் தேடலாம். கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்காதீர்கள், எண்ணிப் பாருங்கள். பெட்டியை லோவில் போட்டு, வெளியே போகும் ஃபிளாஞ்ச் சரியாக நாலு சுற்று சுற்றும் வரை உள்ளே வரும் ஃபிளாஞ்சைக் கையால் சுற்றவும். பத்து சுற்று ஆனால் 410 பெட்டி. ஒன்பது ஆனால் கிங் பெட்டி, உங்களிடம் ஏற்கெனவே இருப்பது. சாக்பீஸ் கோடு ஒன்று போதும். நாங்கள் பார்த்த மூன்று பெட்டிகளில் 'பழைய 410' என்று விற்கப்பட்ட ஒன்று ஒன்பதே சுற்றுதான் சுற்றியது. ஹை விகிதமும் பன்னிரண்டு சதவீதம் போல தாழ்வதால், நெடுஞ்சாலையில் நூறில் போக ஆசைப்படுகிறவருக்கு இது வேண்டாம்.

இதுவரை சொன்னதில் எதையும் முதலில் செய்யவில்லை. இருபத்தைந்து வயது தாண்டிய வண்டிக்கு முதல் மாடிஃபிகேஷன் ரிப்பேர்தான். முன் அச்சின் இரண்டு முனையிலும் கிங்பின் பேரிங் இருக்கிறது. அது தேய்ந்தால் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறும், பெரிய டயர் போட்டால் அது இன்னும் மோசமாகும். பட்டைக் கண்ணில் இருக்கும் புஷ், யு போல்ட், பிரேக் ஹோஸ், பின் டிரம் சிலிண்டர், எல்லா ஆயில் சீலும். ஒரு பட்டையில் இரண்டாவது தகடு கட் ஆகியிருந்தது, வெளியில் தெரியவில்லை. நாலு பட்டையையும் பிரித்து, கழுவி, உடைந்ததை மாற்றி, தொய்ந்த வளைவைத் திரும்ப ஏற்றினார்கள். அதிலேயே ஒன்றரை இஞ்ச் உயரம் வந்துவிட்டது. புதிதாகத் தூக்கியது இல்லை, அவன் வண்டி இழந்திருந்த உயரம்தான். மொத்தம் முப்பத்தோராயிரம். பட்ஜெட்டில் பெரிய துண்டு இதற்குப் போனதில் அவனுக்கு வருத்தம், எனக்கு இல்லை.

ஐந்து டயர் முப்பத்திரண்டாயிரம். பெட்டியும் பொருத்துகிற கூலியும் சேர்த்து பன்னிரண்டாயிரம். மீதி ஐயாயிரத்தில் செய்ததுதான் காசுக்கு அதிகப் பலன் தந்தது என்பேன்.

அதில் முதலாவது காற்று. டயர் தரையைத் தொடும் பரப்பு, தோராயமாக, அதன்மேல் இருக்கும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வரும். சக்கரத்துக்கு 300 கிலோ என்றால் 26 பிஎஸ்ஐயில் சுமார் 164 சதுர சென்டிமீட்டர், 15இல் சுமார் 284. சேறு ஆரம்பிக்கிற இடத்தில் காற்றை இறக்கிவிட்டால் வேறு வண்டியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தார் ரோடு வந்ததும் மறக்காமல் ஏற்ற வேண்டும், இறங்கிய டயரோடு வளைவில் திரும்பினால் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். பேட்டரியில் ஓடும் குட்டி கம்ப்ரஸர், ஒரு நல்ல கேஜ், அவ்வளவுதான்.

அடுத்தது மூச்சுக்குழாய். சூடான அச்சு குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அச்சின் மேலிருக்கும் மூச்சுத் துளையிலிருந்து பெட்ரோல் ஹோஸ் ஒன்றை பானெட்டுக்குள் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டினால் போதும், சில நூறு ரூபாய். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கும் பிளக் வயர் முனைகளுக்கும் தண்ணீர் புகாத கிரீஸ். மீதிக்கு ஒரு இழுவைப் பட்டை, இரண்டு முக்கால் இஞ்ச் ஷேக்கிள், சேஸிஸில் போல்ட் போட்ட கொக்கி. பம்பரில் கட்டி இழுப்பதும், டிரெய்லர் குண்டில் மாட்டி இழுப்பதும் ஆளைக் கொல்லும். அறுந்து வருகிற இரும்பு கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும். இழுக்கும்போது பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

பின் கிரவுனை உள்ளே பற்றவைத்து லாக் செய்துவிடலாம் என்று ஒரு மெக்கானிக் யோசனை சொன்னார், இரண்டாயிரம்தான் ஆகும் என்று. சேற்றில் அது பிரமாதமாக வேலை செய்யும், உண்மை. ஆனால் வளைவில் வெளிச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும், உள் சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் ஒன்று இழுபட்டுத்தான் ஆகணும். மழையில் நனைந்த எழுபது வளைவில், மாமியார் பின் சீட்டில் இருக்கும்போது அது வேண்டாம். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினால், ஆக்ஸிலரேட்டரோடு பிரேக்கை லேசாக அழுத்திப் பார்க்கலாம். கொஞ்சம் இழுவை மறுபக்கம் போகும், பல நேரம் அதுவே போதும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் இருக்கும் கம்பெனி விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. முன்னால் மாட்டும் இரும்பு கார்டுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்சிக்குப் போக வேண்டும். டயர் அளவும் கேள்விக்கு வரலாம், அதனால் பழைய 205 டயர்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. பற்றவைத்த அச்சைப் பரணில் வைக்க முடியாது.

ஐப்பசிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ரேடியேட்டர் ஒன்று பாக்கி.