சாளரத்திலிருந்து ஒரு நகரம்

பழைய நகரம் ஒன்று புதுமை பெறும்போது, அதை எங்கிருந்து பார்க்கிறோம் என்பதே நாம் காண்பதையும் காணத் தவறுவதையும் முடிவு செய்கிறது. பிரெஞ்சு ஓவியர் கமீல் பிசாரோ (1830 - 1903) தீட்டிய பாரிஸ் காட்சிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

1853ஆம் ஆண்டு மூன்றாம் நெப்போலியனால் பாரிஸின் நிர்வாகியாக அமர்த்தப்பட்ட ஒஸ்மான், நெரிசல் மிகுந்த சந்துகளை இடித்து அகன்ற வீதிகளையும் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்களையும் அமைத்தார். நகருக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைத்தன, வாடகையும் உயர்ந்தது. எளியோர் பலர் நகரின் ஓரங்களுக்குப் பெயர்ந்தனர்.

பிசாரோ, 'இம்ப்ரெஷனிசம்' எனும் மனப்பதிவு ஓவிய முறையின் முன்னோடிகளுள் ஒருவர். பொருளின் நிலையான வடிவத்தைவிட, ஒரு கணத்தில் அதன்மீது விழும் ஒளியைச் சிறுசிறு தீற்றல்களால் காட்டுவதே இம்முறையின் நோக்கம். கண்நோயால் வெளியில் நின்று தீட்ட இயலாத முதுமையில், அவர் விடுதிச் சாளரங்களை நாடினார். 1897இல் மோன்மார்த்ர் பெருவீதியைப் பனி, வெயில், மழை, இரவு என 14 ஓவியங்களாகத் தீட்டினார். அடுத்த குளிர்காலத்தில் ஒபேரா வீதியை எடுத்துக்கொண்டார். ஒஸ்மானின் திட்டத்தில் உருவான அவ்வீதிக்காக ஒரு மேட்டுக் குடியிருப்பே இடித்து நிரவப்பட்டிருந்தது.

பலரும் அழகற்றவை என ஒதுக்கிய தெருக்களில் பிசாரோ ஒளியைக் கண்டார். ஆயினும் அந்த உயரத்திலிருந்து மனிதர் கரும்புள்ளிகளாகவே தெரிகின்றனர். வீடிழந்தோர் அச்சட்டத்துள் இல்லை. ஏழைகளின் துயரை அவர் அறியாதவர் அல்லர். 1890ஐ ஒட்டி, வறுமையையும் பசியையும் 28 சித்திரங்களாக வரைந்து உறவினருக்கு அளித்தவர் அவர். குறை மனத்தில் இல்லை. பார்வை அமைந்த இடத்தில் இருந்தது.

இவ்வுண்மை நம் திருச்சிக்கும் பொருந்தும். 1792இல் வந்த ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் வரைந்தது மலைக்கோட்டையை. இன்றும் திருச்சி என்றதும் நம் கண்முன் நிற்பது அக்குன்றே. மாற்றமோ நகரின் தென்பகுதியில் நிகழ்கிறது. மதுரைச் சாலையில், எடமலைப்பட்டி புதூரை அடுத்த பஞ்சப்பூரில் 2025ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பேருந்துகள் இடம் மாறும்போது பிழைப்பும் இடம் மாறுகிறது. பூ விற்பவரும் தேநீர்க் கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் அதை முதலில் உணர்கின்றனர். அவர்களுடைய முகங்களைக் காணக் குன்றின் உச்சி உதவாது; தெருவில் இறங்கியே நோக்க வேண்டும்.