"ஒரிஜினல் எங்கே?" மனை வாங்குவோர் உஷார்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி டீக்கடைகளில் இரண்டு பேச்சு காதில் விழும். "புரோக்கர்னாலே பிராடு" என்பது ஒன்று. "வில்லங்கம் போட்டாச்சு, சுத்தம்" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு!

புரோக்கர் ஆளையும் மனையையும் சேர்த்து வைப்பவர். கமிஷன் அவர் கூலி. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, 'ரெரா'வில் பதிந்த மனைப்பிரிவை விற்றுத்தரும் புரோக்கரும் அங்கே பதிந்திருக்க வேண்டும். அந்த நம்பரைக் கேளுங்கள்.

வில்லங்கத்தில் பதிவான சமாசாரம் மட்டுமே வரும். சென்னையில் ஒருவரிடம் மூலப்பத்திரத்தைக் கொடுத்து, எழுத்து இல்லாமல் கடன் வாங்கினாலும் சட்டப்படி அது அடமானம்தான். மனை ஆவடியில் இருந்தாலும் சரி. வில்லங்கத்தில் இது தெரியாது!

ஜெராக்ஸை நம்பி அட்வான்ஸ் நீட்டாதீர்கள். "ஒரிஜினல் எங்கே சார்?" என்று கேளுங்கள். பதில் இழுத்தால்... நடையைக் கட்டுங்கள்!